‘மோசமான ஏரியா’ என்ற பெயர் எப்படி ஒட்டிக்கொள்கிறது, எப்படிச் சரிபார்ப்பது? (விவாத இழை)

#1 அளவுகோல்

வணக்கம் நண்பர்களே. சிறுபான்மையினர் அதிகம் வாழும் பகுதிகளைப் பற்றி ஊர் உலகத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது மூன்று: “அங்கே குற்றம் அதிகம்”, “அவங்க குடிவந்தா வீட்டு விலை விழுந்துடும்”, “அவங்களாத்தான் ஒரே இடத்துல போய்க் கூடிக்கிறாங்க”. இப்போதெல்லாம் இதை எண்களோடு சொல்கிறார்கள். வெறுமனே “இது தப்பெண்ணம்” என்று சொன்னால் எடுபடாது. எண் எந்த இடத்தில் பிசகுகிறது என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் இந்த இழை. உதாரணம் எந்த நாட்டிலிருந்தும் இருக்கலாம், உறுதியாகத் தெரிந்ததாக இருக்கட்டும்.

குற்றத்திலிருந்து தொடங்குகிறேன். முதலில் பார்க்க வேண்டியது, எந்த எண்ணால் வகுத்திருக்கிறார்கள் என்பது. ஒரு பகுதியில் 4,000 பேர் குடியிருக்கிறார்கள். அதன் நடுவே பெரிய பேருந்து நிலையம். தினமும் 40,000 பேர் வந்துபோகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 80 திருட்டு. குடியிருப்போரால் வகுத்தால் ஆயிரத்துக்கு 20. வந்துபோகிறவர்களையும் சேர்த்து வகுத்தால் ஆயிரத்துக்கு 2கூட வராது. திருடியவரும் பறிகொடுத்தவரும் வெளியூர்க்காரர்களாக இருக்கலாம், ஆனால் விகிதம் மட்டும் குடியிருப்பவர் தலையில் விழுகிறது.

அடுத்து, சின்ன எண்கள். போன வருடம் 3 வழிப்பறி, இந்த வருடம் 6. உடனே “இருமடங்கு” என்று தலைப்பு வந்துவிடும். இரண்டையும் கூட்டினால் 9, அதன் வர்க்கமூலம் 3. இரண்டு ஆண்டுக்கும் உள்ள வித்தியாசமும் 3. வித்தியாசம் அந்த வர்க்கமூலத்தைப் போல இரண்டு மடங்கையாவது தாண்டாதவரை, தற்செயலான ஏற்ற இறக்கம் என்றுதான் கொள்ள வேண்டும். குறைந்தது ஐந்தாண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, எல்லோரும் தாண்டிப்போவது. 10,000 பேர் வாழும் பகுதியில் ஓராண்டில் 150 பேர் மேல் வழக்கு. நகரச் சராசரியைப் போல் இருமடங்கு. இந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்வோம். மீதி 9,850 பேர் மேல் எந்த வழக்கும் இல்லை. அந்த முகவரியைப் பார்த்து வீடு மறுப்பவரும் வேலை மறுப்பவரும் கிட்டத்தட்ட எப்போதும் இந்த 9,850 பேரில் ஒருவரைத்தான் மறுக்கிறார்கள்.

#2 கீழ்க்குறிப்பு

நல்ல தொடக்கம் சார். இதற்கும் முந்திய ஒரு படி இருக்கிறது. அந்த 80, அந்த 150 எப்படி வந்தன?

காவல்துறைப் பதிவேட்டில் ஏறுவது, மக்கள் போய்ச் சொன்னதும் காவலர் தாமாகத் தேடிப் பிடித்ததும். இந்த இரண்டின் கலவை குற்றத்துக்குக் குற்றம் மாறும். கொலை கிட்டத்தட்ட முழுவதும் பதிவாகிவிடும். வாகனத் திருட்டும் காப்பீட்டுக்காகப் பெரும்பாலும் பதிவாகும். போதைப்பொருள் வைத்திருந்ததாகப் போடும் வழக்கோ, யாரைச் சோதனை போடுகிறார்களோ அவர்களிடம் மட்டுமே கிடைக்கும்.

கணக்காகப் பாருங்கள். இரண்டு பகுதிகள், இரண்டிலும் பத்தில் ஒருவர் போதைப்பொருள் பயன்படுத்துகிறார். முதல் பகுதியில் 50 பேரை நிறுத்திச் சோதித்தால் சுமார் 5 வழக்கு. இரண்டாவதில் 200 பேரைச் சோதித்தால் 20 வழக்கு. ஆண்டறிக்கையில் இரண்டாவது பகுதி “நான்கு மடங்கு மோசம்”. அந்த அறிக்கையை வைத்து அடுத்த ஆண்டு ரோந்தை நாலுக்கு ஒன்று என்று பிரித்தால், அடுத்த ஆண்டறிக்கையும் அதையேதான் சொல்லும். பழக்கத்தில் எந்த வித்தியாசமும் இல்லாத இரண்டு பகுதிகள் இவை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. அமெரிக்காவின் ஓக்லாண்ட் நகரத்துப் போதைப்பொருள் பதிவுகளை, குற்றத்தை முன்கணிக்கும் மென்பொருளின் கணக்குமுறையில் கொடுத்துப் பார்த்து கிறிஸ்டியன் லம், வில்லியம் ஐசக் இருவரும் 2016இல் ஆய்வு வெளியிட்டார்கள். போதைப்பொருள் பயன்பாடு நகரம் முழுக்கப் பரவலாக இருப்பதாகவே மதிப்பீடுகள் காட்டின. மென்பொருளோ ஏற்கெனவே அதிக வழக்குகள் பதிவான, வெள்ளையர் அல்லாத ஏழைகள் வாழும் பகுதிகளுக்கே திரும்பத் திரும்பக் காவலரை அனுப்பச் சொன்னது.

எனவே ஒரு எண்ணைக் கையில் எடுத்தால் இந்த மூன்றைக் கேளுங்கள். எந்த வகைக் குற்றம்? குற்றம் நடந்த இடமா, பிடிபட்டவரின் வீட்டு முகவரியா? (இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலந்து போடுகிற அறிக்கைகள் உண்டு.) பாதிக்கப்பட்டோரிடம் நேரடியாக எடுத்த கணக்கெடுப்போ, மருத்துவமனைக் காயப் பதிவோ ஒப்பிடக் கிடைக்கிறதா? முதல் கேள்விக்கே பதில் இல்லாத எண்ணை நான் விவாதத்துக்கே எடுப்பதில்லை.

#3 மறுபக்கம்

இருவரும் சொல்வது சரி. ஆனால் ஒரு ஆட்சேபம். சில பகுதிகளில் உண்மையிலேயே வன்முறை அதிகம். கொலை எண்ணிக்கையே அதிகமாக இருந்தால் வகுத்தலைச் சொல்லித் தள்ளிவிட முடியாது. அங்கே வாழ்கிறவர்களே பாதுகாப்பு வேண்டும் என்று கேட்கிறார்கள். “எல்லாம் தப்பெண்ணம்” என்று நாம் முடித்துவிட்டால் அவர்களைத்தான் கைவிடுகிறோம்.

#4 அளவுகோல்

முழுக்க ஏற்கிறேன். அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் இன்னும் கவனமாக அளக்க வேண்டும், ஏனென்றால் ‘பகுதி’ என்பதே மிகப் பெரிய அலகு.

அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரத்தில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை லாரன்ஸ் ஷெர்மனும் உடன் ஆய்வாளர்களும் முகவரிவாரியாகப் பிரித்து 1989இல் வெளியிட்டார்கள். மொத்த அழைப்புகளில் பாதி, நகரத்து முகவரிகளில் வெறும் 3 சதவீதத்திலிருந்து வந்தவை. பிறகு டேவிட் வைஸ்பர்ட் குழுவினர் சியாட்டிலில் 14 ஆண்டுப் பதிவுகளைத் தெருத்துண்டுவாரியாக (சந்திப்பிலிருந்து சந்திப்புவரை ஒரு துண்டு) பார்த்தபோதும் இதே கதைதான்: ஐந்து சதவீதம் அளவுக்கான தெருத்துண்டுகளில் பாதிக் குற்றங்கள். பெயர் கெட்ட பகுதிக்குள்ளும் பெரும்பாலான தெருக்கள் அமைதியாகவே இருக்கின்றன. ஆகவே “அந்த ஏரியா ஆபத்து” என்பதைவிட “இந்தச் சந்திப்பு, இந்த மதுக்கடை வாசல், இரவு 10 முதல் 2 வரை” என்பதுதான் உண்மைக்கு நெருக்கம். விளக்குப் போடுவதா, கடை நேரத்தைக் குறைப்பதா, ஆள் நிறுத்துவதா என்று முடிவெடுக்க உதவுவதும் அதுதான். பாதுகாப்புக் கேட்கிற குடியிருப்பாளருக்கும் இதுவே வேண்டும்.

இன்னொன்று. சிகாகோவில் கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே இருவரும் இளைஞர் குற்ற வழக்குகளைப் பல பத்தாண்டுகளுக்கு வரைபடத்தில் குறித்து 1942இல் வெளியிட்டார்கள். தொழிற்சாலைகளை ஒட்டிய அதே வட்டாரங்களில் விகிதம் தொடர்ந்து உயர்வாகவே இருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள்: ஜெர்மானியர், ஐரிஷ்காரர், அப்புறம் போலந்துக்காரர், இத்தாலியர், அப்புறம் கறுப்பினத்தவர். வெளியேறிய சமூகத்தின் பிள்ளைகளிடம் அந்த விகிதம் கூடவே போகவில்லை, இடத்திலேயே தங்கிவிட்டது. “அந்த ஜனங்களே அப்படித்தான்” என்பவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான்.

#5 கீழ்க்குறிப்பு

அதோடு சேர்த்து அமெரிக்கச் சமூகவியலாளர் ராபின்சன் 1950இல் காட்டியதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பை மாநிலவாரியாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு. ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று கழித்தல் 1 முதல் கூட்டல் 1 வரை காட்டும் எண்) கழித்தல் 0.53. தனிமனிதர்களாகப் பார்த்தால் நேர் எதிர்: வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவின்மை சற்று அதிகம், கூட்டல் 0.12. காரணம் எளிது. குடியேறியவர்கள் போய்ச் சேர்ந்தது, உள்ளூர்க்காரர்கள் நன்கு படித்திருந்த மாநிலங்களில்.

வட்டாரத்துச் சராசரியை வைத்து அங்கே வாழும் ஆளைப் பற்றிப் பேசினால் அளவு மட்டுமல்ல, திசையே தலைகீழாகப் போகலாம். “இந்தச் சமூகம் அதிகமுள்ள வார்டுகளில் இது அதிகம்” என்ற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இந்தச் சோதனை தேவை.

#6 நிலவரை

வீட்டு விலை பற்றி நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“அவங்க வந்தா விலை விழும்” என்ற நம்பிக்கைக்கு ஒரு படிவம் இருந்தது. அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய வீட்டு உரிமையாளர் கடன் கழகம், 1930களின் பிற்பாதியில் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பக்கப் படிவம். அதில் ‘குடியிருப்போர்’ என்ற தலைப்பின் கீழ் இருந்த கட்டங்களைப் பாருங்கள்: தொழில் வகை, குடும்ப ஆண்டு வருமானம், வெளிநாட்டில் பிறந்தோர் எத்தனை சதவீதம், கறுப்பினத்தவர் உண்டா இல்லையா, எத்தனை சதவீதம், பிறகு ‘ஊடுருவல், யாருடையது?’ என்று ஒரு கட்டம், அடுத்து அரசு நிவாரணம் பெறும் குடும்பங்கள். ஒரு குடும்பம் வீடு மாறி வருவதற்கு அந்தப் படிவம் வைத்த பெயர் ஊடுருவல். கட்டடத்தின் வயதும் பழுதும் பக்கத்திலேயே தனிக் கட்டங்களில் இருந்தன. சுவர் நன்றாக இருந்தும் ஆள் யார் என்பதால் தரம் இறங்கிய வட்டாரங்கள் உண்டு.

1934இல் வந்த மத்திய வீட்டுவசதி நிர்வாகம் வங்கிக் கடனுக்குக் காப்பீடு தந்தது. ஒரு வட்டாரம் நிலையாக இருக்க அதே சமூக, இன வகுப்பினரே தொடர்ந்து அங்கே குடியிருக்க வேண்டும் என்று அதன் 1938 கையேடு சொன்னது. இனி நடந்ததை வரிசையாகப் பாருங்கள். காப்பீடு இல்லை, ஆகவே வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லாததால் வாங்குபவர் தவணை ஒப்பந்தத்தில் மாட்டுகிறார். சிகாகோவில் 1950களிலும் 60களிலும் இது பரவலாக இருந்தது. முழுத் தொகையும் கட்டி முடிக்கும்வரை பத்திரம் விற்றவரிடமே இருக்கும்; ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும், அதுவரை கட்டியதும் போகும். அந்தத் தவணையைச் சமாளிக்க வீட்டை அறை அறையாகத் தடுத்து உள்வாடகைக்கு விடுகிறார்கள். நெரிசல் கூடுகிறது. பழுது பார்க்கப் பணம் இல்லை. பிறகு ஒருவர் அந்தத் தெரு வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு, “இவங்களுக்கு வீட்டைப் பராமரிக்கவே தெரியாது” என்கிறார்.

விலை உண்மையில் விழுந்ததா? லூஜி லாரென்டி சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாண்ட், பிலடெல்பியா நகரங்களில் வெள்ளையர் அல்லாதவர் குடிவந்த 20 வட்டாரங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எல்லா வகையிலும் ஒத்த, ஆனால் அப்படி யாரும் குடிவராத வட்டாரத்தை ஜோடியாக வைத்து, 1960இல் முடிவை வெளியிட்டார். 85 சதவீத ஒப்பீடுகளில் விலை ஜோடி வட்டாரத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தது. விழுந்த இடங்களில் பெரும்பாலும் நடப்பது பதற்ற விற்பனை. தரகர்கள் “அவங்க வர்றாங்க, இப்பவே வித்துடுங்க” என்று கதவைத் தட்டி அடிமாட்டு விலைக்கு வாங்கி, வருகிற குடும்பத்திடம் கூடுதல் விலைக்கு விற்ற வரலாறு நன்கு பதிவானது. விலையை இறக்கியது புரளி, லாபம் புரளி கிளப்பியவருக்கு. 1968இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் இந்தப் பேச்சையே சட்டவிரோதமாக்கியது.

#7 கீழ்க்குறிப்பு

நிலவரை சார், ஒரு சிறு திருத்தம். அந்த வண்ண வரைபடமே எல்லாக் கேட்டுக்கும் வேர் என்று பலர் எழுதுகிறார்கள். கடன் கழகம் தன் கடன்களில் பெரும்பகுதியை வரைபடம் போடுமுன்பே கொடுத்து முடித்துவிட்டது, கறுப்பினத்தவருக்கும் கொடுத்தது. வரைபடத்தைவிட அதிகச் சேதம் வீட்டுவசதி நிர்வாகத்தின் காப்பீட்டு விதிகளால் என்று வாதிடும் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். வரைபடம் கண்ணில் படுவதால் எல்லாப் பழியும் அதன்மேல் போகிறது; விதிப்புத்தகம் கண்ணில் படுவதில்லை. எதிர்த் தரப்பு இந்த ஓட்டையைப் பிடித்தால் நம் முழு வாதமும் சரிந்துவிடும், அதனால் சொல்கிறேன்.

#8 நிலவரை

ஏற்கிறேன். படிவத்தை எடுத்துக்காட்டியது அந்தக் காலத்து மதிப்பீட்டாளர்களின் மனம் எப்படி ஓடியது என்று தெரிவதற்காக. விளைவைக் கணக்கிட விதிப்புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

#9 மறுபக்கம்

“அவங்களாத்தான் ஒரே இடத்துல போய்க் கூடிக்கிறாங்க” என்ற மூன்றாவது வாக்கியத்துக்கு வருவோம். பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங், கட்டம் போட்ட பலகையில் காய்களை நகர்த்திக் காட்டிய மாதிரிக் கணக்கு இருக்கிறதே? அக்கம்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு தம்மைப் போன்றவர் இருந்தால் போதும் என்கிற அளவு மென்மையான விருப்பமே ஊரை இரண்டாகப் பிரித்துவிடும் என்றுதானே அவர் 1971இல் காட்டினார்? அப்படியானால் ஒதுங்கி வாழ்வது விருப்பம்தானே?

#10 நிலவரை

ஷெல்லிங் காட்டியது, யாரிடமும் பெரிய வெறுப்பு இல்லாவிட்டாலும் பிரிவு உண்டாக முடியும் என்பது. நடந்ததெல்லாம் அப்படித்தான் நடந்தது என்று அவர் நிறுவவில்லை. அந்தப் பலகையில் எந்தக் காலிக் கட்டத்துக்கும் யாரும் நகரலாம்: தரகர் இல்லை, வங்கி இல்லை, வீட்டுக்காரர் இல்லை. நிஜத்தில் கட்டம் காலியாக இருந்தும் “ஏற்கெனவே முன்பணம் வாங்கியாச்சு” என்ற பதில் வருகிறது.

அதைச் சோதிக்கும் முறை ஜோடிச் சோதனை. வருமானம், வயது, குடும்ப அளவு, பேச்சுப் பாங்கு எல்லாம் ஒத்த இருவர். வித்தியாசம் இனமோ மதமோ மட்டும். ஒரே விளம்பரத்துக்கு இருவரும் சில மணி நேர இடைவெளியில் போக வேண்டும். யார் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் “அதற்குள் வீடு போய்விட்டது” என்ற விளக்கத்தை மறுக்க முடியாது. வெளியே வந்ததும் தனித்தனியாக, ஒருவரோடொருவர் பேசாமல் படிவம் நிரப்ப வேண்டும்: எத்தனை வீடு இருப்பதாகச் சொன்னார்கள், எத்தனை காட்டினார்கள், வாடகை, முன்பணம், எந்தப் பகுதிக்குப் போகச் சொன்னார்கள்.

அமெரிக்க வீட்டுவசதித் துறை 2012இல் 28 பெருநகர்ப் பகுதிகளில் 8,000க்கும் மேற்பட்ட ஜோடிச் சோதனைகள் செய்தது. முகத்துக்கு நேரே மறுப்பது அரிதாகிவிட்டது. ஆனால் வாடகை வீடு தேடிய கறுப்பினத்தவரிடம், ஒத்த வெள்ளையரிடம் சொன்னதைவிட 11.4 சதவீதம் குறைவான வீடுகளே இருப்பதாகச் சொன்னார்கள். இதில் கவனிக்க வேண்டியது, பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. சிரித்த முகத்தோடு இரண்டு வீடு காட்டினார்கள், மூன்றாவது இருந்ததை அவர் எப்படி அறிவார்? “நான் யாரும் மறுத்துப் பார்த்ததே இல்லையே” என்ற வாதம் இதனால்தான் செல்லாது.

பழைய உதாரணம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். வெனிஸ் அரசு 1516இல் யூதர்களை ஒரு சிறு தீவுக்குள் வைத்து, இரவில் வாயிலைப் பூட்டியது; காவல்காரர் கூலியையும் அவர்களிடமே வாங்கியது. நிலம் நீளாததால் வீடுகளை மேலே மேலே கட்டினார்கள், தாழ்ந்த கூரையோடு. அங்கே இருந்த நெரிசலுக்குக் காரணம் அந்தப் பூட்டு.

#11 செய்திமேசை

பட்டியல்களைப் பற்றியும் பேச வேண்டும். ஒரு அரசு எதற்காக எண்ணுகிறதோ அதற்கு மாறான அர்த்தம் பத்திரிகையில் ஏறிவிடுகிறது.

பிரான்ஸில் 1996 சட்டத்தின்படி 751 பகுதிகள் உதவி தேவைப்படும் நகர்ப்பகுதிகளாகக் குறிக்கப்பட்டன; வரிச்சலுகை, கட்டடப் புதுப்பிப்பு போன்றவற்றுக்காக. அந்த 751ஐத்தான் பிறகு இணையத்தில் “காவலரே நுழைய முடியாத பகுதிகள்” என்று பரப்பினார்கள். நிவாரணப் பட்டியல் அபாயப் பட்டியலாகிவிட்டது. 2015 ஜனவரியில் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சி இப்படிப்பட்ட பேச்சுகளுக்காக ஒளிபரப்பிலேயே மன்னிப்புக் கேட்டது. அதில் பிரிட்டனின் பர்மிங்காம் முழுக்க முஸ்லிம் நகரம் என்றொரு கூற்றும் அடக்கம். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே முஸ்லிம்கள் சுமார் 22 சதவீதம். ஒரே ஒரு எண்ணைத் திறந்து பார்த்திருந்தால் அந்த வாக்கியம் ஒளிபரப்பாகியிருக்காது.

டென்மார்க் பட்டியல் இன்னும் கூர்மையான உதாரணம். 2018 விதிப்படி, ஆயிரம் பேராவது வாழும் பொதுக் குடியிருப்பில் நான்கு அளவுகோல்கள்: வேலையிலோ படிப்பிலோ இல்லாதோர் 40 சதவீதத்துக்கு மேல், அடிப்படைக் கல்வி மட்டும் உள்ளோர் 60 சதவீதத்துக்கு மேல், சராசரி வருமானம் வட்டாரச் சராசரியில் 55 சதவீதத்துக்குக் கீழ், தண்டனை பெற்றோர் தேசியச் சராசரியைப் போல மூன்று மடங்கு. இதில் இரண்டு பொருந்தினால் ‘நலிந்த பகுதி’. அதே இரண்டோடு, ‘மேற்கத்தியரல்லாத’ குடியேறிகளும் அவர்கள் பிள்ளைகளும் பாதிக்கு மேல் இருந்தால் ‘கெட்டோ’ (ஒரு சமூகம் ஒதுக்கிவைக்கப்பட்ட குடியிருப்பைக் குறிக்கும் சொல்). 2021இல் அந்தச் சொல்லை மாற்றி ‘இணைச் சமூகம்’ (மற்றவர்களோடு கலக்காமல் தனியே இயங்கும் சமூகம் என்ற பொருளில்) என்றார்கள். வருமானம், வேலை, கல்வி, குற்றம் எல்லாம் ஒன்றாக இருக்கும் இரண்டு குடியிருப்புகளைப் பிரிப்பது குடியிருப்போரின் பூர்வீகம் மட்டும். பெயரோடு நிற்கவுமில்லை: தொடர்ந்து பட்டியலில் இருந்தால், குடும்பங்களுக்கான பொது வாடகை வீடுகளை 2030க்குள் 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும். வீட்டை இழப்பவர் வாடகை தவறாமல் கட்டியவராகவும் இருக்கலாம்.

செய்தி எழுதுகிறவர்களுக்கு: சம்பவம் நடந்த இடத்தைத் தெருப் பெயரோடு எழுதுங்கள், எல்லைக்கு வெளியே நடந்ததைப் பெயர் பெற்ற பகுதியின் கணக்கில் சேர்க்காதீர்கள். இதே சம்பவம் பெரும்பான்மையினர் பகுதியில் நடந்திருந்தால் பகுதியின் பெயர் தலைப்புக்கு வந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பழைய கோப்புப் படம் போடாதீர்கள். வழக்கு தள்ளுபடியானால் முதல் செய்தியிலேயே திருத்தம் சேருங்கள். தேடலில் மேலே வருவது அதுதான்.

#12 தெருவிளக்கு

நேரில் பார்த்துச் சொல்கிறோம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ் இருவரும் சிகாகோவில் வண்டியில் மெதுவாகப் போய் ஆயிரக்கணக்கான தெருப்பக்கங்களைக் காணொளியாக எடுத்து, குப்பை, சுவர்க் கிறுக்கல், கைவிட்ட வாகனம், உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் எண்ணினார்கள். பிறகு அங்கே வாழ்பவர்களிடம் “உங்கள் பகுதி எவ்வளவு சீர்கெட்டது?” என்று கேட்டார்கள். 2004இல் வெளியான முடிவு: கண்ணுக்குத் தெரிந்த சீர்கேடு ஒரே அளவாக இருந்தாலும், கறுப்பினத்தவர் அதிகமுள்ள பகுதியை மக்கள் கூடுதல் சீர்கேடாகவே மதிப்பிட்டார்கள். கறுப்பினத்தவரும் அப்படியே மதிப்பிட்டார்கள். ஊரில் ஒட்டிய பெயர் அங்கேயே வாழ்கிறவர் கண்ணுக்குள்ளும் போய்விடுகிறது.

அதனால் ‘பார்வையிடல்’ என்றால் தாளோடு போங்கள். ஒரு தெருவின் ஒரு பக்கம், சந்திப்பிலிருந்து சந்திப்புவரை ஒரு அலகு. எண்ணக்கூடியதை மட்டும் எழுதுங்கள்: எரியாத விளக்கு எத்தனை, அள்ளாத குப்பைத் தொட்டி எத்தனை, மூடியில்லாத சாக்கடை எத்தனை. ‘அசுத்தம்’, ‘பயமாக இருந்தது’ என்ற கட்டமே தாளில் வேண்டாம். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, பத்தில் ஒரு அலகையாவது ஒப்பிட வேண்டும். எண்கள் ஒத்துவராத உருப்படியை நீக்குங்கள். ஒப்பிடும் பெரும்பான்மைப் பகுதியையும் அதே கிழமை, அதே நேரத்தில் எண்ணுங்கள். குப்பை வண்டி இங்கே காலையிலும் அங்கே மாலையிலும் வந்தால், காலை பதினொன்றுக்கு எடுத்த இரண்டு படங்கள் பொய் சொல்லும். அள்ளும் அட்டவணையையும் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்: வாரம் இருமுறை அள்ளும் தெருவையும் தினம் அள்ளும் தெருவையும் ஒப்பிட்டு “அவங்க சுத்தம் பார்க்க மாட்டாங்க” என்று எழுதிய அறிக்கைகள் இப்படித்தான் பிடிபடுகின்றன.

#13 மறுபக்கம்

தாள் முறை நன்றாக இருக்கிறது, தோழி. கடைசியாக ஒன்று: முகவரியைப் பார்த்து வேலை விண்ணப்பத்தை ஒதுக்கினால், அதை எதிர்க்கச் சட்டத்தில் வழி உண்டா?

#14 கீழ்க்குறிப்பு

பிரான்ஸ் 2014 பிப்ரவரியில் வசிக்கும் இடத்தைப் பாகுபாட்டுக்கான தடைசெய்யப்பட்ட காரணங்களில் சேர்த்தது. பல நாடுகளில் அப்படித் தனி வரி இல்லை. முகவரியை இனத்துக்கோ மதத்துக்கோ பதிலியாகப் பயன்படுத்தினார்கள் என்று நிறுவ வேண்டியிருக்கும்.

சட்டத்துக்குக் காத்திருக்காமல் நிறுவனமே செய்யக்கூடியது: விண்ணப்பங்களை முதல்முறை வடிகட்டும்போது முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் மறைத்து, “வேலை நேரத்துக்கு வந்து சேர முடியுமா, ஆம்/இல்லை” என்ற ஒரே கேள்வியை வையுங்கள். தூரம்தான் கவலை என்றால் அதற்கான பதில் அதில் வந்துவிடும். படித்த பள்ளியின் பெயரையும் மறைக்க மறக்காதீர்கள். முகவரியை எடுத்துவிட்டு அதை விட்டுவைத்தால் பகுதி அங்கிருந்தே தெரிந்துவிடும்.